சலாமிஸ், கி.மு. 480: செர்க்சஸ் நம்பிய செய்தி

கி.மு. 480, செப்டம்பர் மாதத்தின் கடைசி நாட்கள். சலாமிஸ் தீவிலிருந்து ஒரு சிறு படகு இருட்டில் புறப்பட்டு, எதிர்க்கரையில் நின்ற பாரசீகக் கப்பற்படையை அடைந்தது. அதில் வந்தவர் சிக்கின்னஸ். ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளீஸின் வீட்டு அடிமை. அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர் கொண்டுவந்த செய்தி சுருக்கமானது. கிரேக்கர்கள் அஞ்சிப்போய் ஓடத் துடிக்கிறார்கள்; அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை; இப்போதே மறித்தால் ஒருவரும் தப்ப முடியாது; தம் எஜமானர் உள்ளூரப் பேரரசரின் வெற்றியையே விரும்புகிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்றிரவே பாரசீகக் கப்பல்கள் நீரிணையின் இரு வாயில்களையும் அடைக்கப் புறப்பட்டன. மறுநாள் பொழுது சாய்வதற்குள், அதுவரை உலகம் கண்ட மிகப் பெரிய பேரரசின் கப்பற்படை உடைந்து சிதறியது.

பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் அந்தச் செய்தியை ஏன் நம்பினார்? ஆணவம் கண்ணை மறைத்தது என்பது வழக்கமான பதில். எட்டே ஆண்டுகள் கழித்து ஏதென்ஸ் மேடையில் ஏஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகமும் அதைத்தான் சொல்கிறது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இந்தியாவின் எல்லையிலிருந்து எகிப்து வரை ஆண்ட ஓர் அரசு, ஓர் அடிமை சொன்னதைக் கேட்டுத் தன் கப்பற்படை முழுவதையும் நகர்த்துகிறது என்றால், அந்தச் செய்தி அதற்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தத்தான் செய்தது. கிரேக்கர்களைப் பற்றிப் பாரசீகர்கள் அறிந்துவைத்திருந்ததில் பெரும்பகுதி உண்மை.

லாடேயில் நடந்தது

சிற்றாசியாவின் (இன்றைய துருக்கி) மேற்குக் கரையில் இருந்த ஐயோனிய கிரேக்க நகரங்கள் கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் கீழ் வந்தன. கி.மு. 499-இல் மிலேட்டஸ் நகரின் அரிஸ்டகோரஸ் கிளர்ச்சியைத் தொடங்கினார். ஏதென்ஸ் 20 கப்பல்களும் எரீட்ரியா 5 கப்பல்களும் அனுப்பின. மறு ஆண்டு அவர்கள் புகுந்த சார்டிஸ் நகரம், அந்தப் பகுதியில் பாரசீக ஆட்சியின் தலைமையிடம், எரிந்தது. பின்னாளில் பாரசீகப் படைகள் கடல் தாண்டி வந்ததற்குக் காட்டப்பட்ட காரணம் இதுவே.

கிளர்ச்சியின் முடிவு கி.மு. 494-இல் மிலேட்டஸுக்கு எதிரே இருந்த லாடே என்ற சிறு தீவை ஒட்டி எழுதப்பட்டது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் கிரேக்கர் பக்கம் 353 கப்பல்கள், பாரசீகர் பக்கம் 600. இவ்வளவு சாதகம் இருந்தும் பாரசீகத் தளபதிகள் உடனே போரில் இறங்கவில்லை. நகரங்களிலிருந்து துரத்தப்பட்ட பழைய கிரேக்கச் சர்வாதிகாரிகளை அழைத்து, அவரவர் ஊருக்கு ரகசியச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். விலகிப் போனால் ஒரு தீங்கும் இல்லை. போரிட்டால் ஊர் எரியும், பிள்ளைகள் அடிமைகளாவார்கள். முதலில் ஒருவரும் மசியவில்லை. ஆனால் போக்கேயா நகரின் டயோனிசியஸ் கொடுத்த கடும் பயிற்சியை ஏழே நாளில் கிரேக்கர்கள் வெறுத்துக் கைவிட்டார்கள். வெயில் தாங்காமல் கரையில் கூடாரமடித்துப் படுத்தார்கள். இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அழிவதைவிட விலகிப்போவது மேல் என்று சாமோஸ் முடிவு செய்தது. போர் தொடங்கியதும் சாமோஸின் 60 கப்பல்களில் 49 பாய் விரித்து வீடு திரும்பின. அதைக் கண்டு லெஸ்போஸ் கப்பல்களும் ஓடின. 100 கப்பல்களோடு வந்த கியோஸ் வீரர்கள் கடைசிவரை நின்று போராடி அழிந்தார்கள். மிலேட்டஸ் வீழ்ந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து டேடிஸும் அர்ட்டாஃபெர்னஸும் தலைமையேற்று வந்த படைக்கும் இதே அனுபவம் கிடைத்தது. எரீட்ரியாவின் மதில் ஆறு நாள் தாக்குப்பிடித்தது; ஏழாம் நாள் அந்த ஊர்ப் பெரியவர்கள் இருவரே கதவைத் திறந்துவிட்டார்கள். மரத்தான் சமவெளியில் பாரசீகப் படைக்கு இடம் காட்டியவர் ஏதென்ஸின் முன்னாள் சர்வாதிகாரி ஹிப்பியஸ். அங்கே மட்டும் கணக்கு பிசகியது. ஏதென்ஸார் 192 பேரும் பாரசீகர் 6,400 பேரும் இறந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பாரசீகத் தலைநகர் சூசாவின் அரண்மனையிலிருந்து பார்த்தால் அது ஒரு சிறு படையெடுப்பின் தோல்வி, அவ்வளவே. கிரேக்கர்களைப் பிரித்தால் வெல்லலாம் என்ற பாடம் அப்படியே இருந்தது.

சுரங்கத்து வெள்ளி

சலாமிஸில் நின்ற ஏதென்ஸ் கப்பல்கள் எங்கிருந்து வந்தன? கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்கா பகுதியின் தெற்கு முனையில் லாரியோன் சுரங்கங்களில் புதிதாக ஒரு செழிப்பான வெள்ளிப் படிவம் கிடைத்தது. அரசுக்கு வந்த பங்கு 100 டாலண்ட் என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல். ஒரு டாலண்ட் என்பது ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 10 திராக்மா என்று பங்கிட்டுக்கொள்வதே அன்றைய எண்ணம். அது அநியாயமான யோசனை ஒன்றும் அல்ல. பொதுச் சொத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பங்கு உண்டு என்ற உரிமை உணர்விலிருந்து வந்தது.

தெமிஸ்டோக்ளீஸ் சபையில் எழுந்து அந்தப் பணத்தில் கப்பல் கட்டலாம் என்றார். அவர் செர்க்சஸின் பெயரைச் சொல்லவில்லை. அப்போது ஏதென்ஸ் கண்ணெதிரே கிடந்த ஏஜினா தீவோடு சண்டையில் இருந்தது. அந்தச் சண்டைக்குத்தான் கப்பல் கேட்டார். கண்காணாத பேரரசைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, தினமும் பார்த்து எரிச்சல்படும் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிப் பணம் கேட்பது எளிது. கிரேக்கர்களின் உட்பகை ஏதென்ஸுக்குக் கப்பற்படையைத் தந்தது. கட்டப்பட்டவை 200 என்கிறார் ஹெரோடோட்டஸ். 100 என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் அந்த நூல். இந்தத் திட்டத்தின் அரசியல் எதிரியாகக் கருதப்படும் அரிஸ்டைடீஸ் கி.மு. 482-இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார்.

ஊர்விலக்கம் என்றால், குடிமக்கள் ஒரு பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். அதிக வாக்கு பெற்றவர் பத்தாண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தவர்கள் அவை பதினான்கு பேரின் கைவரிசை என்று கண்டார்கள். யாரோ முன்கூட்டியே கீறி, விநியோகிக்கத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். தேர்தல் வேலை என்பது அன்றும் தேர்தல் வேலைதான்.

கட்டியவை ட்ரைரீம் என்ற மூவடுக்குத் துடுப்புக் கப்பல்கள். ஒன்றில் 170 துடுப்புக்காரர்கள்: மேலடுக்கில் 62 பேர், நடுவிலும் கீழும் 54 பேர் வீதம். மாலுமிகளும் மேல்தள வீரர்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 200 பேர். முகப்பில் வெண்கல மோதுமுனை. அதுவே முதன்மையான ஆயுதம். எதிரிக் கப்பலின் விலாவில் இடித்துத் துளைத்துவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். 1987-இல் கிரேக்கக் கடற்படைக்காக இப்படி ஒரு கப்பலை மீண்டும் கட்டிக் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேரும் ஒரே தாளத்தில் வலிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது அதில் தெளிவாகியது. 200 கப்பல்களுக்கு 40,000 பேர் தேவை. அன்றைய ஏதென்ஸில் வாக்குரிமை உள்ள ஆண்கள் சுமார் 30,000 என்பது ஹெரோடோட்டஸ் தரும் எண். எனவே குடியேறிய வெளியூராரும் நேச நகரத்தாரும் துடுப்புப் பலகையில் உட்கார்ந்தார்கள். 20 கப்பல்களைக் கால்சிஸ் நகரத்தாரே இயக்கினார்கள்.

கூட்டணி என்ற பெயரில்

செர்க்சஸின் படையெடுப்பைப் பற்றி எல்லோரும் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேகமாகக் கடக்கிறேன். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பாண்ட் நீரிணையின் மேல் 674 கப்பல்களை வரிசைப்படுத்தி இரண்டு பாலங்கள் போட்டார். ஆதோஸ் தீபகற்பத்தின் குறுக்கே கால்வாய் வெட்டினார். ஹெரோடோட்டஸ் சமையற்காரர்களையும் பெண்களையும் சேர்க்காமல் 52,83,220 ஆண்கள் என்று கடைசி இலக்கம் வரை கூட்டிச் சொல்கிறார். அவ்வளவு பேருக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க அந்த நாட்டின் ஆறுகள் போதாது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு லட்சத்துக்குள் நிறுத்துகிறார்கள். பருத்தி ஆடையும் பிரம்பு வில்லும் இரும்பு முனை அம்புமாகச் சிந்துப் பகுதி வீரர்களும் அந்தப் படையில் நடந்தார்கள்.

எதிர்த்து நின்ற கிரேக்க நகரங்கள் எத்தனை? போருக்குப் பின் டெல்ஃபியில் நிறுவிய வெண்கலப் பாம்புத் தூணில் 31 பெயர்கள் இருக்கின்றன. கிரேக்க நகர அரசுகளோ பல நூறு. தெசலி பாரசீகத்தோடு சேர்ந்தது. தீப்ஸும் விரைவில் சேர்ந்தது. ஆர்கோஸ் நடுநிலை என்று ஒதுங்கியது. பாரசீகக் கப்பற்படையிலேயே ஐயோனியர் 100, ஹெலஸ்பாண்ட் பகுதியினர் 100, ஈயோலியர் 60, டோரியர் 30, தீவினர் 17 என்று 307 கிரேக்கக் கப்பல்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸின் பட்டியல் சொல்கிறது. மொத்தம் 1,207-இல் கால் பங்குக்கு மேல். ஃபினீசியர் தந்தவை 300, எகிப்தியர் தந்தவை 200; வேறெந்த இனமும் கிரேக்கர் அளவு கப்பல் தரவில்லை. இதைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடந்த போர் என்று பாடம் நடத்துபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறையாவது கூட்டிப் பார்க்க வேண்டும்.

தெர்மோபிலே கணவாய் விழுந்தது. அங்கே லியோனிடஸோடு 300 ஸ்பார்ட்டா வீரர்கள் இறந்தது எல்லோருக்கும் தெரியும். 700 தெஸ்பியே வீரர்களும் விலகாமல் நின்றார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணவாயைச் சுற்றிப் போகும் மலைப்பாதையைக் காட்டிக் கொடுத்தவரும் எஃபியால்டஸ் என்ற கிரேக்கரே. ஏதென்ஸ் மக்கள் ஊரைக் காலிசெய்து ட்ராய்சன், ஏஜினா, சலாமிஸ் என்று பிரிந்து போனார்கள். கோட்டைக் குன்றின் மேல் கோயில்கள் எரிந்த புகை சலாமிஸிலிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

சலாமிஸில் கூடிய கிரேக்கக் கப்பல்கள் ஹெரோடோட்டஸ் கணக்கில் சுமார் 380. ஏதென்ஸ் 180, கொரிந்த் 40, ஏஜினா 30, மெகாரா 20, ஸ்பார்ட்டா 16. ஏறக்குறைய பாதிக் கப்பல்கள் ஏதென்ஸுடையவை. தலைமை ஸ்பார்ட்டாவின் யூரிபியாடஸுக்கு. ஏதென்ஸ்காரருக்குக் கீழே போகமாட்டோம் என்று மற்ற நகரங்கள் முன்பே பிடிவாதம் பிடித்திருந்தன. தென்கிரேக்கத் தீபகற்பத்தவரான பெலொப்பொனீசியர்களுக்குத் தங்கள் ஊர்களே கவலை. அந்தத் தீபகற்பத்தை வடக்கோடு இணைக்கும் கொரிந்த் பூசந்தியின் குறுக்கே மதில் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அருகே போய்ப் போரிடலாம் என்றார்கள். தோற்றால் அங்கே தரையில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடலாம். சலாமிஸில் தோற்றால் தீவில் அடைபட வேண்டும். அவர்கள் நிலையிலிருந்து பார்த்தால் அது கோழைத்தனம் இல்லை.

ஆலோசனைக் கூட்டத்தில் கொரிந்தின் அடேமன்டஸ், ஊரில்லாத ஆளுக்கு இங்கே பேச என்ன உரிமை என்று தெமிஸ்டோக்ளீஸைக் கேட்டார். ஆள் நிரம்பிய 200 கப்பல்கள் இருக்கும்வரை உங்கள் ஊரைவிடப் பெரிய ஊர் எங்களுக்கு உண்டு என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு யூரிபியாடஸைப் பார்த்து, நீங்கள் விலகினால் நாங்கள் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இத்தாலியில் இருக்கும் சீரிஸுக்குக் குடிபெயர்ந்துவிடுவோம் என்று மிரட்டினார். மிரட்டல் ஒரு நாள் வேலை செய்தது. மறுநாள் மீண்டும் புலம்பல், மீண்டும் கூட்டம்.

அதாவது, சிக்கின்னஸ் கொண்டுபோன செய்தியில் பொய் மிகக் குறைவு. கிரேக்கர்கள் ஓடத்தான் நினைத்தார்கள். ஒற்றுமை இல்லாததும் உண்மை. பொய் ஒன்றே ஒன்று: தெமிஸ்டோக்ளீஸ் பாரசீகத்தின் பக்கம் என்பது. பாரசீகத் தளபதிகளுக்கு இது லாடேயின் மறுபதிப்பாகத் தெரிந்திருக்கும். அங்கே சாமோஸ், எரீட்ரியாவில் ஊர்ப் பெரியவர்கள், தெர்மோபிலேயில் எஃபியால்டஸ், இங்கே தெமிஸ்டோக்ளீஸ். அனுபவம் சொன்னபடி நடந்தார்கள்.

இரவும் பகலும்

பாரசீகர் பக்கம் போரை அவசரப்படுத்த வேறு காரணங்களும் இருந்தன. மக்னீசியா கரையோரப் புயலில் 400 கப்பல்களும் யூபோயா தீவைச் சுற்றப் போனவற்றில் 200-ம் போயின என்பது ஹெரோடோட்டஸின் கணக்கு. கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாம். சேதம் பெரிது என்பதில் ஐயமில்லை. கடல் கொந்தளிக்கும் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாலிகர்னாஸஸின் அரசி அர்ட்டமீசியா மட்டும், போரிடாமல் காத்திருங்கள், உணவில்லாமல் கிரேக்கர்கள் தாமே கலைந்துவிடுவார்கள் என்றார். அவர் 5 கப்பல்களோடு வந்திருந்தார். அவரும் கிரேக்க மொழி பேசும் நகரத்தின் ஆட்சியாளரே. என் மதிப்பீட்டில் அந்த ஆலோசனையே சரியானது. கிரேக்கப் பிளவை நம்பிக் காத்திருக்கலாம், அல்லது அதைப் பயன்படுத்தித் தாக்கலாம். செர்க்சஸ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தாக்கப் போனவர்கள் ஓடும் வழியை அடைத்தார்கள். ஓட வழியில்லாமல் போனதும் கிரேக்கர்களுக்கு ஒற்றுமை வந்துவிட்டது.

ஊர்விலக்கத்திலிருந்து திரும்ப அழைக்கப்பட்டிருந்த அரிஸ்டைடீஸ் அந்த இரவில் ஏஜினாவிலிருந்து வந்து, சுற்றி வளைக்கப்பட்டோம் என்று தெமிஸ்டோக்ளீஸிடம் சொன்னார். நீங்களே போய்ச் சபையில் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றாராம் அவர். அரிஸ்டைடீஸ் சொல்லியும் பலர் நம்பவில்லை. பாரசீகப் பக்கத்திலிருந்து தப்பி வந்த டீனோஸ் தீவுக் கப்பல் ஒன்று உறுதிசெய்த பிறகே விவாதம் நின்றது.

பாரசீகத் துடுப்புக்காரர்கள் இரவு முழுவதும் துடுப்பு வலித்துக் காவல் நின்றார்கள் என்று ஏஸ்கிலஸ் எழுதுகிறார். கிரேக்கர்கள் விடியும்போது புதுத் தெம்போடு கப்பலேறினார்கள். ஏகாலியோஸ் மலையடிவாரத்தில் சிம்மாசனம் போட்டு செர்க்சஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நீரிணையின் அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். எண்ணிக்கை பலம் அங்கே பாரமாகிவிட்டது. முன்வரிசை இடிபட்டுத் திரும்ப முயன்றபோது, அரசரின் கண்ணில் படத் துடித்த பின்வரிசை முன்னே வந்து மோதியது. செர்க்சஸின் சகோதரர் அரியபிக்னஸ் இறந்தார். கப்பல் உடைந்த கிரேக்கர்கள் நீந்திச் சலாமிஸ் கரையேறினார்கள். எதிரணியில் பலருக்கு நீச்சல் தெரியாது.

இதன் நடுவே இரண்டு நிகழ்ச்சிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஏதென்ஸ் கப்பல் துரத்த, வழியில்லாத அர்ட்டமீசியா தன் அணியைச் சேர்ந்த கலிண்டா நகரக் கப்பலையே இடித்து மூழ்கடித்தார். துரத்தியவர் அவரைத் தம் பக்கத்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார். மேலிருந்து பார்த்த செர்க்சஸ், அவர் எதிரியை வீழ்த்தியதாக நினைத்துப் புகழ்ந்தார். இரண்டாவது, ஐயோனியர்கள் துரோகம் செய்துவிட்டார்கள் என்று ஃபினீசியர்கள் அரசரிடம் புகார் சொல்ல வந்த நேரத்தில், சாமோத்ரேஸ் தீவின் கிரேக்கக் கப்பல் ஒன்று ஏஜினாக் கப்பலொன்றைக் கைப்பற்றியது. அதைக் கண்ட செர்க்சஸ் புகார் சொன்ன ஃபினீசியர்களின் தலையை வெட்டச் சொன்னார். ஐயோனியர்களில் போரில் தயங்கியவர்கள் சிலரே என்று ஹெரோடோட்டஸ் தெளிவாகச் சொல்கிறார். சாமோஸின் தியோமெஸ்டோர் அன்று கிரேக்கக் கப்பல்களைப் பிடித்ததற்காகப் பின்னர் தன் ஊரின் ஆட்சியைப் பரிசாகப் பெற்றார்.

சான்றுகளின் நிலை

மேலே சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாமே கிரேக்கர் எழுதியவை. ஏஸ்கிலஸ் மரத்தானில் போரிட்டவர், கி.மு. 472-இல் சலாமிஸ் வீரர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கும்போது சொன்னார் என்பதால், ரகசியச் செய்தி அனுப்பப்பட்டது என்ற அடிப்படையை ஏற்கிறேன். ஹெரோடோட்டஸ் ஒரு தலைமுறைக்குப் பிறகு எழுதினார். அர்ட்டமீசியா ஆண்ட ஹாலிகர்னாஸஸே அவருடைய ஊரும். அரசி மீது அவர் காட்டும் பரிவையும், ஏதென்ஸார் சொன்னபடி கொரிந்தியரைக் கோழைகளாகக் காட்டிவிட்டு, மற்ற கிரேக்கர்கள் அதை மறுக்கிறார்கள் என்று தாமே சேர்ப்பதையும் கவனிக்க வேண்டும்.

பாரசீகர் இந்தப் போரைப் பற்றி எழுதிய ஒரு வரியும் கிடைக்கவில்லை. 1930-களில் பெர்செப்போலிஸில் தோண்டியெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் தானியம், மது, ஆடு என்று படி அளந்த கணக்குகள். பெரும்பாலும் ஈலமிய மொழி. அவற்றில் ஒரே ஒரு சிறு குறிப்பு கிரேக்கத்தில் இருக்கிறது, அதுவும் மது அளந்த கணக்கு. வேலையாட்களில் பல நாட்டார் வருகிறார்கள், கிரேக்கர் உட்பட. வெறும் கொடுங்கோன்மை என்று ஒற்றை வார்த்தையில் அடைக்க முடியாத, எழுதிக் கணக்கு வைத்து இயங்கிய ஓர் அரசு கண்முன் வருகிறது. ஐயோனியக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு கி.மு. 492-இல் பாரசீகத் தளபதி மர்டோனியஸ் அங்கிருந்த சர்வாதிகாரிகளை நீக்கி மக்களாட்சி அமைத்தார் என்று ஹெரோடோட்டஸே எழுதுகிறார். கேட்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறார்.

மறு ஆண்டு

சலாமிஸோடு போர் முடிந்துவிடவில்லை. செர்க்சஸ் சார்டிஸுக்குத் திரும்பினார். மர்டோனியஸ் தரைப்படையோடு தெசலியில் தங்கினார். கி.மு. 479-இல் அவர் மாசிடோனிய அரசர் முதலாம் அலெக்ஸாண்டர் வழியாக ஏதென்ஸுக்குத் தூது அனுப்பினார்: மன்னிப்பு, தன்னாட்சி, எரிந்த கோயில்களைக் கட்டித் தருதல். மீண்டும் பிரித்தாளும் அதே முயற்சி, இம்முறை தாராளமான விலை. ஏதென்ஸ் மறுத்தது, ஊர் இரண்டாம் முறை எரிந்தது. சலாமிஸில் தங்கியிருந்த சபையில், இந்த யோசனையை மக்கள் முன் வைக்கலாம் என்று சொன்ன லிசிடஸ் என்ற உறுப்பினரைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் ஏதென்ஸ் பெண்கள் போய்க் கல்லெறிந்து கொன்றார்கள். அந்த ஆண்டின் கிரேக்க ஒற்றுமைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. பிளாட்டேயா சமவெளியில் ஸ்பார்ட்டாவின் பாசனியஸ் தலைமையில் கிரேக்கர்கள் வென்றார்கள், மர்டோனியஸ் இறந்தார். பாரசீக அணியில் தீப்ஸ் வீரர்கள் பிடிவாதமாகப் போரிட்டு 300 பேரை இழந்தார்கள்.

துடுப்புக்காரர்களின் அரசு

நிலைத்த விளைவுகளில் முதலாவதும் உறுதியானதும் ஏதென்ஸுக்குள் நடந்தது. நிலச்சண்டைக்குக் கவசமும் வேலும் வாங்க வசதி வேண்டும். துடுப்பு வலிக்கக் கையிரண்டு போதும். சலாமிஸை வென்றவர்கள் நிலமில்லாத, கவசம் வாங்க முடியாத ஏழைக் குடிமக்கள். அந்த வெற்றிக்குக் காரணமான கடற்கூட்டமே மக்களாட்சியை வலுவாக்கியது என்று அரிஸ்டாட்டில் அரசியல் நூலில் எழுதுகிறார், பாராட்டாக அல்ல. கி.மு. 462 வாக்கில் எஃபியால்டஸ் (கணவாயைக் காட்டியவர் அல்லர், இவர் ஏதென்ஸ் அரசியல்வாதி) பிரபுக்கள் சபையின் அதிகாரங்களைப் பிடுங்கினார். பிறகு பெரிக்ளீஸ் காலத்தில் நீதிமன்ற நடுவர்களுக்குப் படி வந்தது. மக்களாட்சியின் அடித்தளத்தைக் கிளிஸ்தனீஸ் கி.மு. 508-லேயே போட்டுவிட்டார், அதில் ஏழைகளின் சொல்லுக்கு எடை சேர்த்தவை கப்பல்கள். அந்தக் கப்பல்களுக்கான வெள்ளியை இருட்டில் வெட்டி எடுத்த அடிமைகளுக்கோ, ஏதென்ஸ் பெண்களுக்கோ இதில் ஒரு பங்கும் வரவில்லை.

இரண்டாவது விளைவு வெளியே. கி.மு. 478-இல் தொடங்கிய டெலோஸ் கூட்டணி பாரசீகத்தை எதிர்க்க உருவானது. தொடக்க வரி ஆண்டுக்கு 460 டாலண்ட் என்கிறார் ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கி.மு. 454-இல் கருவூலம் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு மாறியது. விலக நினைத்த முதல் நகரம் நக்சோஸ். அதை முற்றுகையிட்டுப் பணியவைத்தார்கள். சலாமிஸில் பாரசீகத்துக்காக அனுப்பப்பட்ட தன் 4 கப்பல்களைக் கிரேக்கர் பக்கம் திருப்பிக்கொண்டுவந்த அதே நக்சோஸ். மீலோஸ் தீவு சலாமிஸுக்கு 2 சிறு கப்பல்கள் அனுப்பியது; பாம்புத் தூணில் அதன் பெயர் இருக்கிறது. கி.மு. 416-இல் ஏதென்ஸ் அந்தத் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது.

பொன்னின் வேலை

பாரசீகம் இந்தப் பிளவுகளைப் பொறுமையாகக் கவனித்தது. அர்ட்டமீசியாவின் ஆலோசனை தாமதமாக ஏற்கப்பட்டது என்றே சொல்லலாம். சலாமிஸின் நாயகன் தெமிஸ்டோக்ளீஸே கி.மு. 471 வாக்கில் ஊர்விலக்கம் பெற்று, பிறகு துரோகி என்று தண்டிக்கப்பட்டு, செர்க்சஸின் மகன் அர்ட்டாசெர்க்சஸிடம் தஞ்சம் புகுந்தார். அரசர் அவருக்கு ரொட்டிக்கு மக்னீசியா, மதுவுக்கு லாம்ப்சகஸ், தொடுகறிக்கு மியூஸ் என்று சிற்றாசியாவின் மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்தார். பிளாட்டேயாவை வென்ற பாசனியஸ் பாரசீகத்தோடு பேரம் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஸ்பார்ட்டா கோயில் ஒன்றில் அடைக்கப்பட்டுப் பட்டினியில் இறந்தார்.

கி.மு. 431-இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்டன. கி.மு. 412 முதல் பாரசீகம் ஸ்பார்ட்டாவுக்குப் பணம் கொடுத்தது. பாரசீக இளவரசர் சைரஸ் கொடுத்த பணத்தில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் கப்பற்படை கட்டி, கி.மு. 405-இல் ஏதென்ஸ் கப்பல்களை அழித்தார். ஸ்பார்ட்டா மிகவும் வலுத்ததும் பணம் எதிர்த்திசையில் பாய்ந்தது. அப்போது ஆசியாவில் போரிட்டுக்கொண்டிருந்த ஸ்பார்ட்டா அரசர் அகெசிலாஸ், பத்தாயிரம் வில்லாளிகள் தம்மைத் துரத்திவிட்டார்கள் என்று கசந்து சொன்னார். பாரசீகப் பொற்காசில் பொறித்திருந்தது வில்லாளி உருவம். கி.மு. 386-இல் இரண்டாம் அர்ட்டாசெர்க்சஸ் கிரேக்கர்களுக்குச் சமாதான நிபந்தனைகளை ஆணையாகவே அனுப்பினார்: ஆசியாவின் கிரேக்க நகரங்கள் அரசருக்குச் சொந்தம். ஸ்பார்ட்டா அதை நிறைவேற்றி வைத்தது. ஐயோனியாவின் விடுதலைக்காகத் தொடங்கியது என்று சொல்லப்படும் போர், கடைசியில் பாரசீகத்தின் விருப்பப்படி முடிந்தது.

கிழக்கும் மேற்கும்

கி.மு. 380-இல் ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோகிரட்டீஸ், கிரேக்கர்கள் ஒன்றுகூடிப் பாரசீகத்தின் மேல் பாய வேண்டும் என்று பேச்சு எழுதினார். சலாமிஸும் மரத்தானும் முழுக் கிரேக்க இனத்தின் வெற்றிகளாக மாறியதில் இத்தகைய பேச்சுகளின் பங்கு பெரிது. 1846-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், ஆங்கில வரலாற்றுக்கே நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரைவிட மரத்தான் முக்கியம் என்று எழுதும் அளவுக்கு அந்தக் கதை வளர்ந்தது. அந்த வெற்றி இல்லையென்றால் தத்துவமும் நாடகமும் மலர்ந்திருக்காது என்பார்கள். தேலீஸ் முதலான முதல் தத்துவ அறிஞர்களும் ஹெரோடோட்டஸும் பாரசீகத்தின் ஆட்சியில் இருந்த, அல்லது அதன் நிழல் விழுந்த கரையில் பிறந்தவர்கள் என்பதை நினைத்தால், அந்த வாதத்தை அப்படியே ஏற்கத் தோன்றவில்லை. பெரிக்ளீஸ் காலத்து ஏதென்ஸ் பிறந்திருக்காது என்பதை மட்டும் ஏற்கிறேன். அந்த ஏதென்ஸைக் கட்டியதில் நேச நகரங்களின் வரிப்பணமும் உண்டு.

மாசிடோனியாவின் அலெக்ஸாண்டர் கி.மு. 334-இல் ஆசியாவுக்குள் நுழைந்தபோது, செர்க்சஸ் செய்ததற்குப் பழிவாங்குவதே நோக்கம் என்று அறிவித்தார். கிரானிகஸ் ஆற்றங்கரையில் வென்றதும் 300 கவசத் தொகுதிகளை ஏதென்ஸின் தெய்வத்துக்குக் காணிக்கை அனுப்பினார். ஆசியாவில் வாழும் அந்நியரிடமிருந்து அலெக்ஸாண்டரும், ஸ்பார்ட்டா தவிர்த்த கிரேக்கர்களும் கொண்டவை என்று அதில் எழுதச் சொன்னார். அந்தப் போர்க்களத்தில் கடைசிவரை நின்று மடிந்தது பாரசீகத்துக்காகக் கூலிக்குப் போரிட்ட கிரேக்கக் காலாட்படை. உயிரோடு சிக்கிய சுமார் 2,000 கிரேக்கர்களை, கிரேக்கர்களுக்கு எதிராகப் போரிட்டார்கள் என்ற குற்றத்துக்காகச் சங்கிலியிட்டு மாசிடோனியாவுக்குக் கடின உழைப்புக்கு அனுப்பினார். அவர்களில் ஏதென்ஸ்காரர்களும் இருந்தார்கள். தங்கள் ஆட்களை விடுவிக்கும்படி ஏதென்ஸ் தூது அனுப்பிக் கேட்டது.